காலம் அறியாத வெடி

நெய்வேலி நகரியத்தில் வசிப்பவர்களுக்கு வெடிச் சத்தம் புதிய செய்தியன்று. அங்கே பழுப்பு நிலக்கரியின் மேலே ஐம்பது மீட்டருக்கும் அதிகமான கனத்தில் மண்ணும் கடலூர் மணற்கல்லும் படிந்திருக்கின்றன. இந்த மணற்கல் மிகக் கடினமானது. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த இராட்சதச் சக்கர வாளி இயந்திரங்களின் எஃகுப் பற்களையே அது தேய்த்துவிடும். ஆகவே கடினமான இடங்களில் முதலில் துளையிட்டு, வெடிமருந்து நிரப்பி, வெடித்துத் தளர்த்திய பிறகே இயந்திரம் தோண்டுகிறது. 1957 மே 20 அன்று ஜவகர்லால் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி முதன்முதலாக வெளிச்சத்தைக் கண்டது. அதற்குள் எத்தனையோ துளைகள் வெடித்திருக்கும்.

அந்த வெடிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நம் நாட்டுச் சுரங்கச் சட்டங்கள் அதை விரிவாக விதித்திருக்கின்றன. தகுதிச் சான்று பெற்றவர்தான் வெடி வைக்கலாம். வெடிப்பதற்கு முன் சங்கு ஊத வேண்டும். அபாய எல்லைக்குள் வரும் பாதைகள் எல்லாவற்றிலும் காவலுக்கு ஆள் நிற்க வேண்டும். எல்லோரும் விலகிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகே வெடிக்கலாம். ஒரு துளை வெடிக்காமல் நின்றுவிட்டால், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை அந்த இடத்தில் வேறு வேலை நடக்கக் கூடாது. இடம், நேரம், பொறுப்பாளர் ஆகிய மூன்றும் தெரிந்த வெடி அது.

வாசகர்களே, இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரியாத ஒரு வெடியைக் கற்பனை செய்து பாருங்கள். சங்கு இல்லை, காவல் இல்லை, வைத்தவர் எங்கோ போய்விட்டார், இறந்தும் போயிருக்கலாம். வெடி மட்டும் மண்ணுக்குள் காத்திருக்கிறது. ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள், முப்பது ஆண்டுகள்கூடக் காத்திருக்கிறது. அதுதான் கண்ணிவெடி. அதை உலகச் சட்டத்தால் தடை செய்ய வைத்தவர்கள் படைத்தலைவர்கள் அல்லர். செயற்கைக் கால் செய்பவர்கள், மருத்துவர்கள், காலிழந்த குடியானவர்கள், தங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதிய சாதாரண மக்கள் ஆகியோரே அதைச் செய்தார்கள். அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த கதை

ஆங்கிலத்தில் நிலக்கரி தோண்டும் சுரங்கத்துக்கும் இந்த ஆயுதத்துக்கும் ஒரே சொல்தான். இது தற்செயலாக வந்ததன்று. பழங்காலத்தில் கோட்டையை முற்றுகையிடும் படை, மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி, அதில் வெடிமருந்தை அடுக்கிக் கொளுத்தும். மதில் சரியும். நாளடைவில் சுரங்கத்தின் பெயர் அதில் வைத்த வெடிக்கே நிலைத்துவிட்டது.

தமிழ்ச் சொல் வேறு வழியில் வந்தது. கண்ணி என்பது வேடன் பறவைக்கு வைக்கும் சுருக்கு. ஈழத் தமிழர் மிதிவெடி என்று இன்னும் நேராகச் சொல்கிறார்கள். ஆனால் வேடன் கண்ணி வைத்த இடத்தை மறப்பதில்லை. பொழுது விடிந்ததும் போய்ப் பார்ப்பான். சிக்கியது வேண்டாத உயிராக இருந்தால் அவிழ்த்துவிடவும் முடியும். வெடிக் கண்ணிக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

எப்படி இயங்குகிறது?

டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடி என்றும், ஆள்கொல்லிக் கண்ணிவெடி என்றும் இதில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. முதலாவது வெடிப்பதற்குப் பொதுவாக நூறு கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு பாதம் போதும். அதன் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பா. அதனுள் ஒரு வில்தகடு. தகட்டின் நடுவே ஓர் ஊசி. ஊசிக்குக் கீழே வெடிதூண்டி. அதைச் சுற்றி வெடிமருந்து. மேலே பாரம் விழும்போது தகடு வளைந்து மறுபக்கம் தாவுகிறது. ஊசி வெடிதூண்டியைக் குத்துகிறது. அவ்வளவுதான்.

எம்-14 என்ற வகையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலும் இது தயாரிக்கப்பட்டுள்ளது. இதில் உள்ள வெடிமருந்து ஏறத்தாழ 29 கிராம்தான். 9 முதல் 16 கிலோ அழுத்தத்தில் இது வெடித்துவிடும். மூன்று நான்கு வயதுக் குழந்தையின் எடை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்! ஓர் ஆட்டுக்குட்டியும், பள்ளிச் சிறுமியும், ஆயுதம் ஏந்திய வீரனும் அந்த வில்தகட்டுக்கு ஒன்றுதான். அதற்குத் தெரிந்த ஒரே மொழி எடை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். 29 கிராம் மருந்து ஆளைக் கொல்லுமா? பெரும்பாலும் கொல்லாது, பாதத்தைச் சிதைக்கும். மண், கல், செருப்பின் துண்டுகள், துணி ஆகியவற்றைத் தசைக்குள் ஆழமாகச் செலுத்தும். அழுகல் ஏறாமல் தடுக்கக் காயத்துக்கு வெகு மேலே காலை வெட்ட வேண்டியிருக்கும். இறந்தவனை விட்டுச் செல்லலாம், காயம்பட்டவனைத் தூக்கிச் செல்ல இருவர் வேண்டும் என்ற போர்க் கணக்கு இதன் பின்னால் இருக்கிறது. போர் நடக்கும்போது அது கணக்கு. போர் முடிந்து பத்தாண்டுக்குப் பிறகு விறகு பொறுக்கப் போன பெண்ணின் காலை அது எடுக்கும்போது அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பழைய எதிர்ப்புகள்

கண்ணிவெடியை வெறுத்தவர்களில் போர்வீரர்களும் உண்டு. 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படையின் தளபதி கேப்ரியல் ரெயின்ஸ், பின்வாங்கும் பாதையில் பீரங்கிக் குண்டுகளைப் புதைத்து மிதித்தால் வெடிக்கும்படி செய்தார். அவர் பக்கத்துத் தளபதியான லாங்ஸ்டிரீட்டே, இது முறையான போர் அன்று என்று சொல்லி அதற்குத் தடை போட்டார். எதிரிகளோ சிறைப்பிடித்த வீரர்களைக் கொண்டே அவற்றைத் தோண்டி எடுக்கவைத்தார்கள்.

ஆயுதங்களுக்கு எல்லை வகுக்கும் முயற்சியும் அதே காலத்தில்தான் தொடங்கியது. 1868இல் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய நாடுகள், 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டன. 1925இல் ஜெனீவாவில் நச்சு வாயு தடுக்கப்பட்டது. 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட ஆவணம், போர்வீரரையும் பொதுமக்களையும் வேறுபடுத்தாத தாக்குதல்களைத் தவறென்று தெளிவாக எழுதியது.

அந்த விதிப்படி கண்ணிவெடி முதல் நாளிலேயே குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்க வேண்டும். ஆனால் 1980 அக்டோபரில் உருவான ஜெனீவா ஆயுத உடன்படிக்கை அதைத் தடை செய்யவில்லை. எங்கே வைக்கலாம், எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒழுங்குபடுத்த மட்டுமே செய்தது. உள்நாட்டுப் போர்களுக்கு அந்த விதிகள் அப்போது பொருந்தவுமில்லை. கம்போடியா, ஆப்கானிஸ்தான், அங்கோலா, மொசாம்பிக், இலங்கை ஆகிய நாடுகளின் வயல்களில் அதற்குப் பிறகுதான் கண்ணிவெடிகள் பெருகின.

கால் செய்தவர்கள் கேட்ட கேள்வி

இந்தக் கட்டத்தில் நம் நாட்டுக்குச் சற்றுத் திரும்ப வேண்டும். 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில், கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் எலும்பியல் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினார்கள். அதுவரை கிடைத்த மேல்நாட்டுக் கால்கள் பூட்ஸ் அணிந்து நாற்காலியில் அமர்பவர்களுக்கானவை. சர்மாவும் சேத்தியும் இரப்பர், மரம் ஆகியவற்றைக் கொண்டு செய்த கால், சம்மணமிட்டு உட்காரவும், குந்தவும், வெறுங்காலோடு சேற்று வயலில் இறங்கவும் ஏற்றது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் 1980களின் பிற்பகுதியில் ஒரு ஜெய்ப்பூர்க் கால் நிலையம் தொடங்கப்பட்டது. ஆப்கானிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் இந்தக் கால் சென்றது.

ஆனால் எவ்வளவு விரைவாகக் கால் செய்தாலும், கால் இழப்பவர்களின் வரிசை குறையவில்லை. வியட்நாம் போரில் முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த பாபி முல்லர் என்ற அமெரிக்கர், கம்போடியாவில் தம் நண்பர்களோடு செயற்கைக் கால் நிலையம் நடத்தினார். அங்கே அவருக்கு எழுந்த கேள்வி இது: குழாய் திறந்தே இருக்கும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதா? குழாயை அடைக்க வேண்டாமா?

1991இல் அவரும் ஜெர்மனியின் மெடிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் கெபாவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜோடி வில்லியம்ஸ் என்ற பெண்மணியிடம் ஒருங்கிணைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1992 அக்டோபரில் ஆறு அமைப்புகள் கூடிக் கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கத்தைத் தொடங்கின. பெரிய அலுவலகம் கிடையாது. தொலைநகலும், தொலைபேசியும், கடிதங்களும், பிறகு மின்னஞ்சலும்தான் கருவிகள். அந்தந்த நாட்டு இயக்கம் அந்தந்த நாட்டு அரசை அணுக வேண்டும் என்பது ஏற்பாடு.

இயக்கத்துக்கு வலுவான சான்று மருத்துவர்களிடமிருந்து வந்தது. செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனைகளில் பணியாற்றிய ராபின் கூப்லண்ட் போன்ற அறுவை மருத்துவர்கள், கண்ணிவெடிக் காயங்களை வகைப்படுத்தி 1991 முதல் மருத்துவ ஏடுகளில் எழுதினார்கள். எத்தனை அறுவை, எத்தனை குப்பி இரத்தம், எத்தனை நாள் படுக்கை என்று கணக்கு வைத்தார்கள். இந்த ஆயுதம் போர்க்களத்தில் உண்மையாக எவ்வளவு பயன்பட்டது என்பதையும் செஞ்சிலுவைச் சங்கம் இராணுவ அனுபவமுள்ளவர்களைக் கொண்டே ஆராய்ந்து 1996இல் வெளியிட்டது. படைக்குக் கிடைக்கும் சிறு பயனுக்கு மக்கள் தரும் விலை மிகப் பெரிது என்பதே அதன் முடிவு.

சட்டம் இயற்றுபவர்களின் வாசலில்

நேராக ஐ.நா. சபைக்குப் போகாமல் உள்ளூர்ச் சட்டமன்றத்தின் வாசலில் நிற்க வேண்டும் என்ற பாடத்தை இந்த வரலாற்றில் நாம் கற்கலாம்.

அமெரிக்காவில் செனட்டர் பேட்ரிக் லீஹி முன்வந்தார். 1992இல் அவருடைய முயற்சியால் ஆள்கொல்லிக் கண்ணிவெடி ஏற்றுமதியை ஓராண்டுக்கு நிறுத்தும் சட்டம் நிறைவேறியது. அது சிறிய படிதான். ஆனால் பிற நாட்டு இயக்கத்தினர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கள் நாட்டு உறுப்பினர்களிடம் போய், அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்டார்கள். 1995 மார்ச்சில் பெல்ஜியம் உலகிலேயே முதலாவதாக முழுத் தடைச் சட்டம் இயற்றியது. பிரான்சில் மக்கள் வீட்டிலிருந்து பழைய செருப்புகளைக் கொண்டுவந்து பாரிஸ் நகரில் மலைபோலக் குவித்தார்கள். ஒவ்வொரு செருப்பும் ஓர் இழந்த காலுக்கு அடையாளம். கம்போடியாவில் காலிழந்தவர்களே வீதியில் இறங்கிக் கையெழுத்து வாங்கினார்கள்.

1995இல் வியன்னாவில் 1980ஆம் ஆண்டு உடன்படிக்கையைத் திருத்தும் மாநாடு கூடியது. கம்போடியாவிலிருந்து சோங் கொசல் என்ற சிறுமி ஊன்றுகோலுடன் அங்கே சென்றாள். ஆனாலும் அந்த மாநாடு முழுத் தடைக்கு வரவில்லை. அங்கே எல்லா நாடுகளும் ஒப்பினால்தான் முடிவு. ஒரே ஒரு நாடு தலையசைக்க மறுத்தாலும் வேலை நின்றுவிடும். இறுதியில் விதிகள் சில கடுமையாயின. உலோகத் துணுக்கே இல்லாத, கண்டறிய முடியாத ஆள்கொல்லிக் கண்ணிவெடிகள் தடுக்கப்பட்டன.

இயக்கத்தினர் சோர்ந்துவிடவில்லை. விருப்பமுள்ள நாடுகள் மட்டும் தனியே கூடட்டும் என்றார்கள். 1996 அக்டோபரில் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. அதன் முடிவில் கனடா வெளிநாட்டு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி எழுந்து, ஓர் ஆண்டில் திரும்ப இங்கே வாருங்கள், தடை உடன்படிக்கையில் கையெழுத்திட வாருங்கள் என்று அழைப்பு விடுத்தார். அரங்கில் இருந்த தூதர்கள் திகைத்தார்கள். இப்படி நாள் குறித்து அழைப்பது அரசுகளின் வழக்கமன்று.

1997 ஜனவரியில் இளவரசி டயானா அங்கோலாவில் கண்ணிவெடி வயலில் பாதுகாப்புக் கவசத்துடன் நடந்த படம் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்லோவில் உடன்படிக்கையின் வாசகம் ஏற்கப்பட்டது. டிசம்பர் 3, 4 தேதிகளில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. அந்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இயக்கத்தின் சார்பில் பரிசைப் பெற்றவர் கம்போடியாவில் கண்ணிவெடியால் இரு கால்களையும் இழந்து, பிறருக்குச் சக்கர நாற்காலி செய்து கொடுத்துவந்த துன் சன்னரெத். உடன்படிக்கை 1999 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதே வழியைப் பின்பற்றியே கொத்துக்குண்டுத் தடையும் வந்தது. விமானத்திலிருந்து விழும் பெரிய குண்டு நடுவானில் திறந்து, நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைத் தூவும். அவற்றில் வெடிக்காமல் கிடப்பவை கண்ணிவெடிகளாகவே மாறிவிடும். 1964 முதல் 1973 வரை லாவோஸ் நாட்டின் மீது இத்தகைய சிறு குண்டுகள் 27 கோடி விழுந்தன என்பது கணக்கு. 2008 மே மாதம் டப்ளின் நகரில் ஏற்கப்பட்ட கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கை, 2010 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

வன்னி மண்ணில்

இனி நமக்கு மிக அருகிலுள்ள இடத்துக்கு வருவோம். இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த போரில் அரசுப் படையும் விடுதலைப் புலிகளும் கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள். அரசுப் படை தொழிற்சாலையில் செய்த பிளாஸ்டிக் வெடிகளை வைத்தது. புலிகள் மரப்பெட்டியில் செய்த வெடிக்கு ஜொனி என்று பெயர். 1987 முதல் 1990 வரை அங்கே இருந்த இந்திய அமைதிப்படை வீரர்களில் பலரும் அந்த வெடிகளில் கால் இழந்தார்கள். வெடிகளுக்கு வைத்தவர் யார், மிதித்தவர் யார் என்ற வேறுபாடு இல்லை என்று முன்பே பார்த்தோம்.

2002இல் போர்நிறுத்தம் வந்தபோது அகற்றும் பணி தொடங்கியது. இங்கே அறிவியல் ஒரு சுவையான தடையைச் சந்தித்தது. உலோகங்காணும் கருவியின் கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது, அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றுகிறது. அது உண்டாக்கும் எதிர்க் காந்தப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது. பிளாஸ்டிக் வெடியில் உள்ள உலோகமோ ஊசியளவே. கருவியை அந்த அளவுக்குக் கூர்மையாக்கினால், போர் நடந்த மண்ணில் கிடக்கும் தோட்டா உறைகளும் கம்பித் துண்டுகளும் ஓயாமல் கூவ வைத்துவிடும்.

இதற்கு வன்னியில் கண்ட வழி எளிமையானது. தோட்டத்தில் சருகு வாரப் பயன்படும் இரும்பு வாரியைப் போன்ற நீண்ட காம்புள்ள வாரிகளைச் செய்தார்கள். முன்னால் உள்ள மண்ணை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வாரி இழுத்தால், வெடி அதன் பக்கவாட்டில் தென்படும். வெடியின் தட்டு மேலிருந்து வரும் அழுத்தத்துக்குத்தான் இணங்கும். பக்கத்திலிருந்து மெதுவாகச் சுரண்டினால் பொதுவாக வெடிக்காது. முகக் கவசம், மார்புக் கவசம் அணிந்து, வெயிலில் மண்டியிட்டு, ஒருவர் ஒரு நாளில் சில பத்துச் சதுர மீட்டரே முன்னேறலாம். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் முகமாலையில் பல ஆண்டுகள் போர்முனை அசையாமல் நின்றதால், அங்கே வெடிகள் வரிசை வரிசையாக நெருங்கிக் கிடந்தன. அந்த மண்ணை வாரியவர்களில் பெண்கள் பலர். கணவரைப் போரில் இழந்து குடும்பத்தைத் தாங்குபவர்களும் அவர்களில் உண்டு. இலங்கையில் இதுவரை பல இலட்சம் வெடிகள் எடுக்கப்பட்டுள்ளன.

சட்டத்தின் வேலையும் வாரியின் வேகத்திலேயே நடந்தது. ஐ.நா. சபையில் 1996 முதல் தடையை ஆதரித்து வாக்களித்துவந்த இலங்கை, உடன்படிக்கையில் மட்டும் சேரவில்லை. புலிகளும் கைவிட்டால் சேர்வோம் என்று 2002இல் அரசு கூறியது. போர் முடிந்த பிறகும் ஆண்டுகள் ஓடின. இலங்கைக் கண்ணிவெடித் தடை இயக்கத்தினர் அமைச்சர்களையும் உறுப்பினர்களையும் அதிகாரிகளையும் விடாமல் சந்தித்தார்கள். ஒருபுறம் பணம் செலவழித்து அகற்றுகிறீர்கள், மறுபுறம் வைக்கும் உரிமையைக் கைவிட மறுக்கிறீர்கள், இது பொருந்துகிறதா என்பதே அவர்கள் வாதம். 2016இல் அமைச்சரவை இசைந்தது. 2017 டிசம்பர் 13 அன்று இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2018 மார்ச்சில் கொத்துக்குண்டுத் தடையிலும் சேர்ந்தது. 2022இல் கண்ணிவெடித் தடைக்கு நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது. 1997இலிருந்து கணக்கிட்டால் கையெழுத்துக்கு இருபது ஆண்டுகள். ஆனாலும் கையெழுத்து வந்தது.

நம் நாட்டின் நிலை

இந்தியா ஒட்டாவா உடன்படிக்கையில் சேரவில்லை. ஐ.நா. சபையில் அது வாக்கெடுப்புக்கு வரும்போது நடுநிலை வகிக்கிறது. நீண்ட எல்லையைக் காக்கக் கண்ணிவெடி தேவை, அதற்கு நிகரான மாற்றுக் கருவி வந்தால் படிப்படியாகக் கைவிடலாம் என்பது அரசின் வாதம். கண்டறியக்கூடிய வெடிகளையே செய்ய வேண்டும், வைத்த இடத்தைப் பதிவு செய்து வேலியிட வேண்டும் என்ற திருத்தப்பட்ட ஜெனீவா விதிகளை 1999இல் இந்தியா ஏற்றது. ஏற்றுமதியும் நிறுத்தப்பட்டது.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எல்லையில் நிற்கும் வீரனின் உயிரும் உயிர்தான். ஆனால் 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பாகிஸ்தான் எல்லை நெடுக இராஜஸ்தான், பஞ்சாப், ஜம்மு பகுதிகளின் வயல்களில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. போர் நடக்கவில்லை. 2002 இறுதியில் படைகள் திரும்பத் தொடங்கின. ஆனால் வெடிகளை வைத்த வீரர்களும், அவற்றை எடுத்த வீரர்களும், வயலுக்குத் திரும்பிய உழவர்களும் காயமுற்றார்கள். மணல் நகரும், மழை மண்ணை அரிக்கும், வரைபடம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். பதிவேட்டில் எழுதிவிட்டால் வெடி அடங்கிவிடும் என்பது மண்ணியல் அறிந்தவர்கள் ஏற்கும் கருத்தன்று.

நாகபுரியிலிருந்து பாலகிருஷ்ண குர்வே நடத்திய இந்தியக் கண்ணிவெடித் தடை இயக்கம் எல்லைக் கிராமங்களின் இந்தத் துன்பத்தை எடுத்துக் கூறியது. அதற்குப் பெருங்கூட்டம் சேரவில்லை. ஆனால் பெல்ஜியத்திலும் முதலில் பெருங்கூட்டம் இருந்ததில்லை.

சங்கு இன்னும் ஊதவில்லை

உடன்படிக்கையால் என்ன பயன் விளைந்தது? 1990களில் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் கண்ணிவெடிகளால் பாதிக்கப்படுவதாக மதிப்பிடப்பட்டது. 2023இல் கண்ணிவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் கொல்லப்பட்டோர், காயமுற்றோர் எண்ணிக்கை 5,757 என்று பதிவாகியுள்ளது. அவர்களில் நூற்றுக்கு 84 பேர் பொதுமக்கள். சேர்ந்த நாடுகள் தங்கள் கிடங்குகளில் இருந்த ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்ட வெடிகளை அழித்தன. 2024 இறுதியில் 164 நாடுகள் உறுப்பினர்களாக இருந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் அவற்றில் இல்லை.

ஆனால் வரலாறு ஒரே திசையில் ஓடுவதில்லை. 2022இல் தொடங்கிய உக்ரைன் போரில் இரு வகை ஆயுதங்களும் மீண்டும் தலைகாட்டின. 2025இல் எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலக முடிவு செய்தன. ரஷ்ய எல்லையைக் காக்க வேண்டும் என்பது அவற்றின் காரணம். முப்பது ஆண்டு உழைப்பில் எழுந்த மதிலில் செங்கற்கள் உருவப்படுகின்றன. அவற்றைத் திரும்பப் பதிக்க யார் வருவார்கள்?

மாணவ நண்பர்களே, இந்தக் கேள்விக்கு விடை தூரத்தில் இல்லை. இந்திய அரசியலமைப்பின்படி வெளிநாட்டு உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. மக்களவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. குடிமக்கள் அதற்கு மனு அனுப்பலாம். நெய்வேலியில் இருப்பவர் கடலூர்த் தொகுதி உறுப்பினருக்கு எழுதலாம். அவர் அவையில் வினா எழுப்பலாம். நம் நாட்டில் இன்று எத்தனை ஏக்கர் நிலத்தில் வெடி இருக்கிறது, எத்தனை பேர் காலிழந்தார்கள், அவர்களுக்கு என்ன உதவி கிடைத்தது என்பவை ஒரு பள்ளி மாணவரும் கேட்கக்கூடிய வினாக்கள். தடை வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் இந்த விடைகளைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. செஞ்சிலுவை மருத்துவர்கள் செய்ததும் முதலில் இதுதான். அவர்கள் எண்ணினார்கள், பிறகு பேசினார்கள்.

அடுத்த முறை நெய்வேலிப் பக்கம் போகும்போது சுரங்கத்தின் சங்கொலி கேட்டால் ஒரு நொடி நில்லுங்கள். வெடிக்கப் போகிறோம், விலகுங்கள் என்கிறது ஒரு சங்கு. முடிந்தது, இனி வரலாம் என்கிறது மற்றொரு சங்கு. முகமாலையில் மண்ணை வாரிக்கொண்டிருக்கும் பெண்கள் அந்த இரண்டாவது சங்குக்காகவே உழைக்கிறார்கள். இலங்கைக்கு உடன்படிக்கை விதித்துள்ள கெடு 2028 ஜூன் 1. அன்றைக்காவது அது ஊதட்டும்.